சந்தனப் பொட்டு வைத்த துவக்கு

1. திரும்பி வந்த பெட்டி

ஹெர் ப்ரென்னரின் பெட்டி இரண்டாம் முறையும் திரும்பி வந்த அன்று, என் வேலைக்கு ஆபத்து வந்துவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது.

அந்தப் பெட்டியை அடுக்கி அனுப்பியவள் நான். கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில், எஸ்-பான் ரயில் கடைசியாக நிற்கும் சின்ன ஊர் ஒன்றில் ஒரு துவக்குக் கடை இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை, அதற்கும் பின்னால் பொதி கட்டும் அறை. அந்த அறைதான் என்னுடைய இராச்சியம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி, யூரோக் காசு எல்லோர் கைக்கும் பழகிவிட்ட காலம்.

நாங்கள் விற்றவற்றில் ஒன்று பௌஸாட்ஸ். துவக்கைத் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு அனுப்புவோம், வாங்கியவர் வீட்டில் வைத்துத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். முந்நூறு வருடத்துக்கு முந்திய மாதிரித் துவக்கு அது. குதிரை என்று சொல்லும் அதன் அடிக்கும் கொக்கி, வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். விசையை இழுத்தால் கல் போய் இரும்பில் அடிக்கும், பொறி பறக்கும், சின்னக் கிண்ணியில் இருக்கும் வெடிமருந்து பற்றும், அந்த நெருப்பு சின்னத் துளை வழியாக உள்ளே போய்த்தான் வெடி கேட்கும். குழாயின் உட்புறம் வரி இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். ஊர்ச் சங்கங்களில் பழைய காலத்து உடுப்புப் போட்டுக்கொண்டு இலக்குச் சுடுகிறவர்கள்தான் இதை வாங்குவார்கள்.

எங்கள் ஆட்களிடம் நான் துவக்குக் கடையில் வேலை என்று சொன்னால் ஒரு நிமிடம் கதை நின்றுபோகும். துவக்குக்குப் பயந்து ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய கூட்டம் நாங்கள். எனக்கும் முதலில் மனம் ஒப்பவில்லைதான். ஆனால் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கி இடுப்பு ஒடிந்துபோயிருந்த எனக்கு, இந்த வேலையில் ஒரு கதிரை கிடைத்தது. என் பெயர் ஒட்டிய கோப்பை ஒன்று கிடைத்தது. காலையில் "ஃப்ராவ் சிவா" என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு முதலாளி கிடைத்தார். சிவபாலன் என்ற என் குடும்பப் பெயர் அவருடைய நாக்கில் முழுதாக ஏறாது. அந்தக் கதிரையை விட எனக்கு மனமில்லை. இதை நான் மறைக்கவில்லை.

இனி வரும் ஜேர்மன்காரர் எல்லாரும் பேசியது டொச் என்கிற ஜேர்மன் மொழிதான். என் காதில் எப்படி விழுந்ததோ, அப்படியே எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

ஹெர் ப்ரென்னர் ஓய்வு பெற்ற ட்ராம் ஓட்டுநர். முதல் முறை துவக்கின் மரக்கட்டை உடைந்துவிட்டது என்று பெட்டியைத் திருப்பி அனுப்பினார். புதுக் கட்டை வைத்து அனுப்பினோம். அதுவும் உடைந்தது. தொலைபேசியை எடுத்தவள் நான்.

"நீங்கள் மரம் எண்டு விக்கிறது மரமோ, பிஸ்கட்டோ?" என்று கேட்டார். "என்ர மனிசி சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பு வரேல்லை. காசைத் திருப்பித் தாங்கோ."

மன்னிப்புக் கேட்டுத் தொலைபேசியை வைத்தேன். பொதி அறைத் தட்டில் அப்படித் திரும்பி வந்த பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன.

2. ஷெஃப் சொன்ன சோதனை

டொச்சில் முதலாளியை ஷெஃப் என்பார்கள். எங்கள் ஷெஃப் ஹெர் லாங்கர், துவக்குத் தொழிலில் மைஸ்டர் பட்டம் பெற்றவர். நெடிய மனிதர், பேச்சுக் குறைவு. கோபம் வந்தால் கத்த மாட்டார், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அன்று அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பொதி அறைக்குள் வந்தார்.

"ஃப்ராவ் சிவா, நத்தார்ப் பண்டிகைக்கு முதல் இத்தாலிக் கொம்பனிக்குச் சொல்ல வேணும். அடுத்த வருசத்துக்குப் பௌஸாட்ஸ் எடுக்கிறமோ இல்லையோ எண்டு. இப்பிடியே திரும்பி வந்தால் நான் நிப்பாட்டத்தான் வேணும்."

"நிப்பாட்டினால் எனக்கு இஞ்ச என்ன வேலை?" என்று கேட்டேன். நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அதைத்தான் யோசிக்கிறன்" என்றார்.

அடுத்த நாள் ஒரு புதுப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "இதை நீங்கள் கட்டுங்கோ."

நான் பகிடி என்று நினைத்தேன். சுத்தியல் பிடித்தால் ஆணியை விட என் விரலில்தான் கூட அடி விழும். அதைச் சொன்னேன்.

"அதுதான் வேணும். எனக்குக் கட்டத் தெரியும். தெரிஞ்சவன் கட்டிப் பாத்தால் அது சோதனை இல்லை. வாங்கிறவை எல்லாரும் உங்களைப்போல ஆக்கள். பெட்டிக்குள்ள இருக்கிற தாளை மட்டும் பாத்துக் கட்டுங்கோ. என்னட்டை ஒண்டும் கேக்கக் கூடாது."

"கட்டி முடிச்சால்?"

"முடிச்சால், பௌஸாட்ஸைப் பற்றி யோசிப்பம்."

வீட்டுக்குப் போய் என் மனிசனிடம் சொன்னேன். அவர் முல்லைத்தீவுப் பக்கம். நான் கொண்டுபோன தாளில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "அட, இது எங்கட இடியன் துவக்கல்லோ! காட்டுப் பண்டிக்கு வைக்கிறது. உதைக் கட்டவோ உமக்குச் சம்பளம்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவர் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. என் வேலை போனால் வீட்டு வாடகை என்னாகும் என்று நான் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

3. கவனமாகப் பொருத்துக

பெட்டிக்குள் இருந்த தாள் இத்தாலியிலிருந்து டொச்சுக்கு யாரோ அவசரத்தில் மாற்றியது. அதில் அதிகம் வந்த சொல் 'கவனமாக.' குழாயைக் கவனமாகப் பொருத்துக. பூட்டைக் கவனமாகப் பொருத்துக. பித்தளைத் தகட்டைக் கவனமாகப் பொருத்துக. என்ன கவனம், எதில் கவனம் என்று ஓரிடத்திலும் இல்லை. ஏதோ நாங்கள் எல்லாரும் கவலையீனமாகக் கட்டத்தான் காசு கொடுத்து வாங்கினோம் என்பது போல.

கட்டை வால்நட் மரம். தோளில் வைக்கும் பக்கம் தடிப்பாக இருக்கும். முன்னுக்குப் போகப் போக மெலிந்து, குழாய் படுக்கும் பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரும் விரல் தடிப்புக்கூட இல்லாமல் இருக்கும். அதன் நீளமோ என் நெஞ்சு உயரம். பட்டறை மேசையில் இருக்கும் இரும்புப் பிடியில் அதை இறுக்கச் சொல்லித் தாள் சொன்னது. எனக்கு அந்தப் பிடியைப் பார்த்தாலே பயம். ஒரு முறை இறுக்கினேன், மரம் 'கிர்ர்' என்றது, உடனே கழற்றிவிட்டேன்.

பிறகு எனக்குத் தெரிந்த முறையில் செய்தேன். பொதி சுற்றும் போர்வையை மடித்துத் தரையில் போட்டு, சுவரோடு சாய்ந்து இருந்தேன். குழாயைக் கட்டையின் பள்ளத்திலேயே படுக்க வைத்து, தடித்த பக்கத்தை மடியில் வைத்து, முன்பக்கத்தைப் போர்வையில் கிடத்தி, ஒரு காலால் மெல்ல அழுத்திக்கொண்டு அரத்தைப் போட்டேன். தேங்காய் திருவுகிறவளுக்கு, தரையில் இருந்தபடி ஒரு பொருளை அசையாமல் பிடிப்பது புதிதில்லை. கால் பட்ட ஒவ்வொரு தடவையும் கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தொழில் செய்யும் பொருளில் கால் படலாமா?

ஷெஃப் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"ஃப்ராவ் சிவா, விழுந்திட்டீங்களோ?"

"இல்லை. வேலை செய்யிறன்."

"மேசை இருக்கே?"

"மேசை உங்களுக்கு. தாளில தரையில இருக்கக் கூடாது எண்டு எழுதேல்லை."

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் கட்டையைக் கண்ணில் ஒற்றியதையும் பார்த்தார். மறுநாள் காலை போர்வைக்குப் பக்கத்தில் ஒரு தலையணை கிடந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதானே ஒப்பந்தம்.

கட்டை உடையவில்லை. பூட்டு என்பது குதிரையும் கிண்ணியும் சேர்ந்த இரும்புத் தகடு; அது இருக்கும் இடத்தைச் செதுக்க நாட்கள் போயின. இரும்பில் விளக்குக் கரியைப் பூசி மரத்தில் அழுத்தி, கறுப்புப் பட்ட இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். திரும்பப் பூச வேண்டும், திரும்ப அழுத்த வேண்டும், திரும்பச் சுரண்ட வேண்டும். முகமெல்லாம் கரியோடு நான் எஸ்-பானில் ஏறி வீட்டுக்குப் போன நாட்கள் உண்டு. ஒருநாள் பூட்டு மரத்துக்குள் தானாகவே 'டப்' என்று போய் இருந்துகொண்டது. அந்தச் சத்தத்துக்கு நான் பொதி அறையில் தனியாகக் கை தட்டினேன்.

4. சரஸ்வதி பூசை

மரவேலை ஓரளவு முடிந்ததும் குழாயை மினுக்க வேண்டியிருந்தது. வேலை நேரத்தில் பொதி கட்ட வேண்டும், ஆகவே ஷெஃபிடம் சொல்லிவிட்டு வெறும் குழாயை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சனி முழுக்கத் தேய்த்தேன். மகள் தேய்த்தாள், மனிசன் தேய்த்தார். மாலையில் அது வெள்ளி மாதிரி இருந்தது. இனி அதற்குப் பழுப்பு நிறம் ஏற்றினால் துவக்கு முடிந்த மாதிரி.

ஞாயிறு சரஸ்வதி பூசை. சாமித் தட்டுக்கு முன்னால் மகளின் புத்தகங்கள், அவளுடைய கல்குலேட்டர், மனிசனின் சமையல் கத்திகள், என் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அடுக்கினோம். நான் குசினியில் அவல் குழைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், எல்லாவற்றுக்கும் நடுவில் குழாய் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, வாயில் ஒன்று என்று மூன்று சந்தனப் பொட்டு. பன்னீர் விட்டுத் தாராளமாகக் குழைத்த சந்தனம். அதற்கு மேல் குங்குமம்.

"இதுதானே இப்ப உம்மட தொழில். இதுக்கு வைக்காமல் வேற எதுக்கு வைக்கிறது?" என்றார் மனிசன்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்துச் சிரித்த மனிதர் இப்போது பொட்டு வைத்திருக்கிறார். பூசைக்கு வைத்ததை அன்றைக்கே எடுக்கக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டோம்.

எண்ணெய் பூசாத வெறும் இரும்பு. அதில் ஈரச் சந்தனம். உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எங்கள் வீட்டில் மூன்று பேரில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

திங்கள் காலை துடைத்தபோது சந்தனம் போனது, பொட்டுப் போகவில்லை. மூன்று இடத்திலும் வட்டமாகச் செம்பழுப்புத் துரு. துவாயால் தேய்த்தேன், வேட்டித் துணியால் தேய்த்தேன். சாமிக்கு முன்னால் நின்று, "தாயே, உனக்கு வைச்ச பொட்டு, நீயே எடு" என்று சொல்லியும் பார்த்தேன். மனிசன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அரை மணி முன்னதாகவே ஓடிவிட்டார்.

5. தாளில் இல்லாதது

குழாயைத் துவாயில் சுற்றிக்கொண்டு போய் ஷெஃபின் மேசையில் வைத்தேன்.

"இதென்ன?"

"சந்தனம்."

"சந்தனம் எண்டால்?"

"மரத்தை அரைச்சு எடுக்கிறது. வீட்டில சாமிக்கு முன்னால வைச்சுப் பொட்டு வைச்சது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். போச்சு என்று நினைத்தேன். "சாமிக்கு முன்னால துவக்கோ?"

"துவக்கெண்டு இல்லை. வேலை செய்யிற சாமான் எல்லாம். கத்தி, கத்தரிக்கோல், மகளின்ர கல்குலேட்டர்."

"கல்குலேட்டருக்கும் பொட்டோ?"

"ஓம்."

அவருடைய மூக்கு நுனி ஆடியது. கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க எனக்கு இன்னும் கொஞ்ச வருடம் தேவைப்பட்டது. "சரி. இனி என்ன செய்யப் போறீங்கள்?"

"தெரியாது. தாளில ஒண்டும் இல்லை."

"என்னட்டைக் கேக்கக் கூடாது எண்டு சொன்னனான்."

"நான் கேக்கேல்லை. தாளில இல்லை எண்டு சொல்லுறன். இந்தத் தாளை எழுதினவருக்கு ஒருநாளும் பிழை வரேல்லைப் போல. பிழை வந்த ஆளுக்கு இதில ஒரு வரிகூட இல்லை." வேலை போகப் போகிறது, போகிற வேலைக்கு ஒரு வாய் பேசிவிட்டாவது போவோம் என்றிருந்தது.

அவர் தாளை வாங்கி நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தார். வருடக்கணக்காகத் தான் விற்ற தாளை அவர் அன்றுதான் முழுதாகப் படித்தார் என்று நினைக்கிறேன். தொழில் தெரிந்தவருக்கு அது எதற்கு?

"ஒண்டும் இல்லைத்தான்" என்றார்.

பிறகு இரண்டு பேருமாக, திரும்பி வந்த பெட்டிகளைத் தட்டிலிருந்து இறக்கினோம். ஒவ்வொன்றாகத் திறந்தோம். முதல் பெட்டியில் முன்கட்டை வெடித்திருந்தது. அடுத்ததில் குழாயைப் பிடிக்கும் ஊசிக்குத் துளை கோணலாகப் போயிருந்தது. இன்னொன்றில் பூட்டுக்கு மரத்தை ஆழமாகத் தோண்டிவிட்டார்கள். ஹெர் ப்ரென்னரின் பெட்டியில் வெடித்த கட்டை, மீதி எல்லாம் தொடாமல் அப்படியே. திறக்கத் திறக்க ஒரே கதைதான். ஒரு பெட்டியில்கூட இரண்டாவது பிழை இல்லை.

"எல்லாரும் முதல் பிழையோட நிப்பாட்டியிருக்கினம்" என்றேன்.

"இது அரை மணித்தியால வேலை" என்று அவர் வெடித்த கட்டையைத் தூக்கிப் பார்த்தார். "பசை போட்டு, கட்டி, ஒருநாள் விட்டால் சரி. இந்தத் துளையை மரக்குச்சியால அடைச்சுத் திரும்பப் போடலாம். இதுக்கேன் திருப்பி அனுப்பினவை?"

"உங்களுக்கு அரை மணித்தியாலம். அவைக்கு அது முடிஞ்சுபோச்சு. எனக்கும் இண்டைக்குக் காலமை முடிஞ்சுபோச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எழுதுங்கோ" என்றார்.

அந்தக் கிழமை முழுக்க அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கட்டை வெடித்தால் என்ன செய்வது, துளை கோணினால் என்ன, கூடத் தோண்டினால் என்ன. அவர் பட்டறை மொழியில் சொல்லுவார். எனக்கு விளங்காவிட்டால் பேனையை வைத்துவிடுவேன், அவர் வேறு மாதிரிச் சொல்லுவார். வெடிக்காமல் இருப்பதற்கு, குழாயைப் பள்ளத்திலேயே வைத்துக்கொண்டு, மேசைப் பிடி இல்லாதவர்கள் தரையில் போர்வை விரித்து இருந்து வேலை செய்யலாம் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அதை வெட்டுவார் என்று பார்த்தேன். 'தலையணையும்' என்று கையால் எழுதிச் சேர்த்தார்.

கடைசி வரி துருவைப் பற்றியது. எண்ணெய்த் துணி, நுண்ணிய தேய்க்கும் தாள், பொறுமை. என் குழாயில் இரண்டு பொட்டு அப்படித்தான் போயின. அடிப்பக்கத்துப் பொட்டு மட்டும் ஆழமாகக் கடித்திருந்தது. இன்னும் தேய்த்தால் அந்த இடம் குழியும் என்று ஷெஃப் நிறுத்தச் சொன்னார். பழுப்பு நிறம் ஏற்றிய பிறகும் அந்த இடம் கொஞ்சம் கறுத்த வட்டமாக நின்றது.

6. சொல்லிவிட்டுச் சுடும் துவக்கு

கட்டி முடித்த துவக்கைச் சட்டப்படி அரசாங்கப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். வழமையைவிடக் கூடுதலான மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை குத்துவார்கள். ஷெஃப் தானே காரில் கொண்டுபோனார். அன்று முழுக்க நான் பொதிகளில் விலாசத்தை மாறி மாறி ஒட்டினேன்.

திரும்பி வந்து முத்திரையைக் காட்டினார். "அங்க ஒருத்தர் இந்த வட்டம் என்னெண்டு கேட்டார். கட்டினவவின்ர அடையாளம் எண்டு சொன்னன்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை சங்கத்துச் சுடுதிடலுக்கு என்னைக் கூட்டிப்போனார். "முதல் வெடி கட்டினவை வைக்கிறதுதான் வழக்கம்" என்றார்.

"எனக்கு ஏலாது" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. காதுக்கு மூடி தந்துவிட்டு, "அப்ப எனக்குப் பின்னால நில்லுங்கோ" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஊரில் வெடிச்சத்தம் கேட்ட பிறகுதான் தரையில் குப்புறப் படுப்போம். படுத்த பிறகுதான் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்ப்போம். உடம்பு அதை மறக்கவில்லை. கால் தானாக மடியப் பார்த்தது.

'டிக்' என்று கல் இரும்பில் பட்டது. 'ஷ்ஷ்' என்று கிண்ணி மருந்து பற்றியது. ஒரு மூச்சு இடைவெளி. அதற்குப் பிறகுதான் 'டும்.'

கண்ணைத் திறந்தேன். வெள்ளைப் புகை ஆறுதலாக வயல்பக்கம் போய்க்கொண்டிருந்தது. இந்தத் துவக்கு சொல்லிவிட்டுச் சுடுகிறது. எனக்குத் தெரிந்த துவக்கு ஒன்றும் சொல்லிவிட்டுச் சுட்டதில்லை. நான் அழுதேன், ஷெஃப் இலக்கைப் பார்க்கப் போகிற மாதிரி தூரப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. "நீங்கள் கட்டிப்போட்டீங்கள். ஆனால் அது காணாது. நீங்கள் பிடிவாதக்காரி. ப்ரென்னர் கட்டினால்தான் நான் இத்தாலிக்கு ஃபோன் எடுப்பன்."

7. ப்ரென்னர் வீட்டுத் தரை

ஹெர் ப்ரென்னருக்கு நான் ஃபோன் பண்ணினேன். காசு திரும்பி வரும், ஆனால் அதற்கு முன் அவருடைய வெடித்த கட்டையைத் தானே ஒருமுறை ஒட்டிப் பார்க்க முடியுமா, எப்படி என்று புதுத் தாளில் எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவர் முனகினார். பெட்டி போனது.

சில நாள் கழித்து அவரே எடுத்தார். "தரையில இருக்கட்டாம் எண்டு எழுதியிருக்கு. நான் தரையில இருந்தால் எழும்பிறதுக்கு ஆள் வேணும்."

"மனிசியைக் கூப்பிடுங்கோ."

"கூப்பிட்டனான். அவ என்னை எழுப்பிப்போட்டு, தானே தரையில இருந்திட்டா. இப்ப அரம் அவவின்ர கையில. என்னைத் தொட விடுறா இல்லை."

பின்னால் ஒரு பெண் சிரிப்பது கேட்டது. நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு பிழைகள் ஃபோனில் வந்துகொண்டே இருந்தன. ஊசித் துளை கோணலாம். நாலாம் வரியைப் பாருங்கோ. பித்தளைத் தகடு கீறிப்போச்சாம். பின்பக்கத்தைப் பாருங்கோ. ஒவ்வொரு தடவையும் நான் நத்தார் வரை நாட்களைப் பார்த்துக்கொண்டேன். அவர்கள் ஆறுதலாகப் பிழை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊரெல்லாம் நத்தார் விளக்குப் போட்டுவிட்டார்கள். ஷெஃப் இரண்டு தடவை நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் போனார். ஒருநாள் கடைக் கதவு மணி அடித்தது. குட்டையான ஒரு மனிதரும் அவரை விட உயரமான ஒரு பெண்ணும், போர்வையில் சுற்றிய நீளமான ஒன்றை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பரிசோதனைக்குக் கொடுக்கக் கொண்டுவந்திருந்தார்கள்.

போர்வையை நான் விரித்தேன். முன்கட்டையில் ஒட்டிய கோடு தெரிந்தது. அதற்கு மேல் மெல்லிய பித்தளைப் பட்டி ஒன்று போட்டிருந்தார்கள். ஊசித் துளைக்குப் பக்கத்தில் அடைத்த குச்சியின் தலை. தகட்டில் ஒரு கீறல். ஹெர் ப்ரென்னர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"இது என்ர பிழை. இதுவும் என்ரது. இது அவவின்ர."

"அது பூனையின்ர" என்றார் ஃப்ராவ் ப்ரென்னர். பிறகு என்னைப் பார்த்து, "உங்கட பிழை எங்க? நீங்களும் ஒண்டு கட்டினீங்கள் எண்டு உங்கட ஷெஃப் சொன்னார்" என்றார்.

என் துவக்கைச் சுவரிலிருந்து இறக்கி, குழாயின் அடியில் இருந்த கறுத்த வட்டத்தைக் காட்டினேன். என்ன நடந்தது என்று சொன்னேன். அந்த அம்மா விரலால் அதைச் சுற்றித் தடவினார். "உங்கட மனிசன் நல்லவர்" என்றார். "என்ரவர் ஒருநாளும் எனக்குப் பொட்டு வைக்கேல்லை."

ஷெஃப் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது. அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடிக் கதவு அது. அவர் தொலைபேசியை எடுப்பதும், நம்பரைத் தட்டுவதும், தனக்குத் தெரிந்த நாலு இத்தாலியச் சொல்லைச் சத்தமாகச் சொல்வதும் எனக்குத் தெரிந்தது. நான் போய் என் கதிரையில் இருந்தேன்.

அதற்குப் பிறகு நான் அங்கே ஓய்வு பெறும் வரை வேலை செய்தேன். புதுத் தாளை எப்போதும் பெட்டியின் மேலேதான் வைத்தேன், அடியில் இல்லை. இப்போது வேலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பதும் அவ்வளவுதான். வேலை பழக்குகிறவர்கள் சரியாகச் செய்வது எப்படி என்று மட்டும்தான் சொல்லித் தருவார்கள். பிழை விட்ட பிறகு என்ன செய்வது என்று கேளுங்கள். கேட்கக் கூடாது என்று சொன்னாலும் கேளுங்கள். ஆட்கள் வேலையை விட்டுப் போவது பிழை விட்டதால் இல்லை, அதற்குப் பிறகு ஒருவரும் அடுத்த வரியைச் சொல்லாததால்.

அடுத்த வருடம் இலையுதிர்காலத்தில் ஒரு காலை ஷெஃப் பொதி அறை வாசலில் வந்து நின்றார்.

"ஃப்ராவ் சிவா, நாட்காட்டியில பாத்தன். இண்டைக்கல்லோ உங்கட பூசை?"

"ஓம்."

"எங்கட சாமானுகளுக்குப் பொட்டு இல்லையோ?"

அடுத்த எஸ்-பானில் வீட்டுக்குப் போய்ச் சந்தனம் எடுத்துவந்தேன். மேசைப் பிடி, துளைக்கும் மெஷின், அரங்கள், என் ஒட்டும் நாடா, தொலைபேசி எல்லாவற்றுக்கும் வைத்தேன். நான் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு போக, அவர் எண்ணெய்த் துணியோடு என் பின்னாலேயே வந்தார்.